பெட்டிக்குள் இருந்த பணம்: உசிலம்பட்டிப் பக்கத்துக் குடும்பம் ஒன்றின் உதவித்தொகைக் கணக்கு

உசிலம்பட்டிக்கும் பேரையூருக்கும் நடுவில் மானாவாரிக் காடுகள் சூழ்ந்த ஊர் அது. அங்கிருந்து ஆந்திராவில் முறுக்குப் போடும் வேலைக்குப் போயிருந்த ஒருவர் 2024 ஜனவரியில், பொங்கல் முடிந்த வாரம், மாரடைப்பில் இறந்துபோனார். வயது 46. ஆம்புலன்ஸில் உடலைக் கொண்டுவந்து ஊரிலேயே காரியம் முடித்தார்கள். மனைவிக்கு 41 வயது. வீட்டில் 72 வயது மாமியார், அப்போது பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்த மகள், ஒன்பதாவது படிக்கும் மகன். ஓட்டு வீடு சொந்தம். தாத்தா பேரில் பட்டா இருக்கும் அரை ஏக்கர் காடு. வருமானம் என்றால் மல்லிகைத் தோட்டத்தில் மொட்டு எடுக்கிற கூலி, நூறு நாள் வேலை, ஆந்திராவிலிருந்து வந்துகொண்டிருந்த பணம். இந்த மூன்றாவது அன்றோடு நின்றது.

நான் அந்தப் பக்கம் இ-சேவை மையம் நடத்துகிறேன். பதினாறாம் நாள் காரியம் எல்லாம் முடிந்து, மார்ச் மாதத்தில் அந்த அக்கா வந்தார். "விதவை பென்ஷன் எழுதணும் தம்பி. என்னென்ன ஜெராக்ஸ் வேணும்னு சொல்லுங்க, எடுத்தாந்துர்றேன்." பெயர், ஊர், எந்த ஆபீஸ் என்ற விவரங்கள் வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டதால் இங்கே அவை இல்லை. மற்றபடி நடந்ததை வரிசையாகவே எழுதுகிறேன். இதே மாதிரி மனு எழுதிக் கொடுக்கிறவர்களுக்கும், இதே நிலையில் இருக்கும் குடும்பங்களுக்கும் இதில் பிடித்துக்கொள்ள ஏதாவது கிடைக்கும்.

யாராவது வந்து "எனக்கு என்ன திட்டம் கிடைக்கும்?" என்று கேட்டால் பெரும்பாலானவர்கள் திட்டங்களின் பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு பொருத்திப் பார்க்கிறார்கள். நான் அப்படிச் செய்வதில்லை. வீட்டில் இருக்கும் தாள்களையெல்லாம் ஒரு பையில் போட்டுக் கொண்டுவரச் சொல்வேன். பழைய பாஸ்புக், கேஸ் புத்தகம், கிழிந்த ரசீது, எதையும் விடக் கூடாது. அக்கா ஒரு தகரப் பெட்டியையே மொபெட்டில் வைத்துக் கொண்டுவந்துவிட்டார். இந்த நிகழ்வில் வந்த பணத்தில் பெரும்பகுதி அந்தப் பெட்டிக்குள்தான் இருந்தது. அவர் கேட்டு வந்த பென்ஷனால் கிடைத்த லாபம்தான் இருப்பதிலேயே சின்னது.

இறப்புச் சான்று

முதலில் கையில் எடுத்தது இறப்புச் சான்றிதழ். தெலுங்கிலும் ஆங்கிலத்திலும் அச்சடித்திருந்தது. பெயரில் பாதி இல்லை. தந்தை பெயர் இருக்க வேண்டிய கட்டத்தில் முறுக்குக் கம்பெனி முதலாளியின் பெயர். ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது ஃபாரத்தை நிரப்பியது அவர்தான்; "கூட வந்தவர்" என்று எழுத வேண்டியது இடம் மாறிவிட்டது. முகவரி அங்கே தங்கியிருந்த கொட்டகை.

"இங்கதான எரிச்சோம், இங்க வி.ஏ.ஓ.கிட்டயே புதுசா ஒண்ணு வாங்கிரலாம்ல?" என்று கூட வந்த உறவுக்காரர் கேட்டார். நிறையப் பேருக்கு இந்த எண்ணம் இருக்கிறது. முடியாது. 1969-ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டப்படி, இறப்பு எங்கே நடந்ததோ அங்கேதான் பதிவு. சொந்த ஊர் எது, அடக்கம் எங்கே நடந்தது என்பதெல்லாம் கணக்கில் வராது. நம் மாவட்டத்துக்குள்ளேயே இதே குழப்பம் உண்டு. ராஜாஜி ஆஸ்பத்திரியில் இறந்தவருக்கு ஊர் வி.ஏ.ஓ.விடம் சான்று கேட்டு அலைபவர்களை அடிக்கடி பார்க்கிறேன். மதுரையில் நடந்ததற்கு மதுரையில்தான் பதிவு இருக்கும். இரண்டாவதாக இன்னொரு இடத்தில் பதிந்தால், பின்னால் இரண்டுமே செல்லாமல் போகும் சிக்கல் வரும்.

ஆனால் பதிவில் இருக்கும் பிழையைத் திருத்தலாம். அதே சட்டத்தின் 15-வது பிரிவு அதற்காகவே இருக்கிறது. திருத்துகிறவரும் அதே பதிவாளர்தான். ஆந்திராவுக்கு அக்கா போய் வரும் செலவுக்கு வழியில்லை. இறந்தவரோடு வேலை பார்த்த பக்கத்து ஊர்த் தம்பி இன்னும் அங்கேதான் இருந்தார். ஆதார் நகல், ரேஷன் அட்டையின் அச்சு, பள்ளி மாற்றுச் சான்றிதழ், பெயரும் தந்தை பெயரும் இன்னதுதான் என்று நோட்டரி முன் கையெழுத்திட்ட உறுதிமொழி ஆகியவற்றைப் பதிவுத் தபாலில் அவருக்கு அனுப்பினோம். அந்தத் தம்பி லீவு கிடைக்கிற நாளில் எல்லாம் நகராட்சி ஆபீஸுக்குப் போய் நின்றார். மே மாதக் கடைசியில் திருத்திய சான்று வந்தது. இந்த முழுக் கதையிலும் ஒருவருக்கு மாலை போட வேண்டும் என்றால் நான் அவருக்குத்தான் போடுவேன்.

இதற்கிடையில் அக்காவிடம் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்லியிருந்தேன். ரேஷன் அட்டையில் கணவர் பெயரை நீக்க அவசரப்பட வேண்டாம். நீக்குவதற்கு முன் அட்டையின் விவரப் பக்கத்தை அச்செடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். அவர் இந்தக் குடும்பத்தின் தலைவராக இருந்தார் என்பதற்குப் பளிச்சென்ற சாட்சி அந்த ஒரு பக்கம்தான். வாரிசுச் சான்று விசாரணையிலும் சரி, பிறகு வரும் மனுக்களிலும் சரி, அது தேவைப்பட்டுக்கொண்டே இருந்தது.

பாஸ்புக்கில் ஒரு வரி

பெட்டியில் கணவரின் வங்கிப் பாஸ்புக் இருந்தது. கடைசியாகப் பதிந்தது 2023 ஆகஸ்டில், திருவிழாவுக்கு ஊருக்கு வந்திருந்தபோது. இருப்பு முன்னூற்றுச் சொச்சம். அக்கா அதை ஒன்றுமில்லாத கணக்கு என்று ஒதுக்கி வைத்திருந்தார். நான் பக்கம் பக்கமாகப் பின்னால் போனேன். 2023 மே மாதக் கடைசியில் 436 ரூபாய் பற்று. பக்கத்தில் பி.எம்.ஜே.ஜே.பி.ஒய். என்ற எழுத்துகள். 2022-இலும் அதே 436. அதற்கு முந்தைய வருடம் 330.

பிரதம மந்திரி ஜீவன் ஜோதி பீமா என்கிற காப்பீடு அது. 18 முதல் 50 வயதுக்குள் சேரலாம். சேர்ந்தவருக்கு 55 வயது வரை தொடரும். ஆண்டுச் சந்தா 2022 ஜூனிலிருந்து 436 ரூபாய். ஜூன் 1 முதல் மே 31 வரை ஒரு ஆண்டு. எந்தக் காரணத்தால் இறந்தாலும், மாரடைப்போ விபத்தோ, நாமினியாக எழுதப்பட்டவருக்கு 2 லட்சம் ரூபாய். 2023 மே மாதம் சந்தா போயிருப்பதால் 2024 மே 31 வரை பாதுகாப்பு இருந்தது. இறப்பு ஜனவரியில். அவ்வளவுதான் கணக்கு.

கணவர் இதைப் பற்றி வீட்டில் சொன்னதே இல்லை. கணக்கு தொடங்கும்போது நீட்டிய தாள்களில் எல்லாம் கையெழுத்துப் போட்டிருப்பார், அவருக்கே நினைவிருந்ததோ என்னவோ. கிளைக்குப் போனபோது கவுண்டரில் இருந்தவர், "அதெல்லாம் ஒண்ணும் இல்லம்மா, அக்கவுண்ட்ல இருக்கற முன்னூறை வேணா எடுத்துக்கங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார். பாஸ்புக்கின் அந்தப் பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்து, வரிக்குக் கீழே சிவப்பில் கோடு போட்டு, கிளை மேலாளருக்குக் கடிதமாக எழுதிக் கொடுத்து, நகலில் சீல் வாங்கி வரச் சொன்னேன். அதன் பிறகு உரிமைகோரல் படிவம் கிடைத்தது. வாயால் கேட்டால் வாயாலேயே பதில் சொல்லி அனுப்புவார்கள்; சீல் வைத்த தாளுக்கு எழுத்தில் ஏதாவது செய்துதான் ஆக வேண்டும்.

படிவத்தோடு இன்னொரு விஷயமும் தெரிந்தது. நாமினி மனைவி இல்லை, அம்மா. அக்காவின் முகம் ஒரு நிமிடம் மாறியதைப் பார்த்தேன். ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் மாமியாரை, பிள்ளைகளின் அப்பத்தாவை, கூட்டிக்கொண்டு வந்தார். கைரேகை வைக்க வேண்டிய இடங்களைக் காட்டிக்கொண்டிருந்தபோது அப்பத்தா கேட்டார்: "இது எனக்கா வருது? எனக்கு எதுக்குப்பா? பேத்தி காலேசுக்குப் போகணும்ல." திருத்திய இறப்புச் சான்று வந்த பிறகு விண்ணப்பம் முழுமையாகி, 2024 ஆகஸ்டில் 2 லட்சமும் அப்பத்தாவின் கணக்குக்கு வந்தது.

அதில் 50,000 வட்டிக் கடனை அடைக்கவும், அடகில் இருந்த தோட்டை மீட்கவும் போனது. மீதி 1,50,000-ஐ அப்பத்தா சம்மதத்தோடு அக்கா பேரில் தபால் நிலையத்தின் மாத வருமானத் திட்டத்தில் போட்டார்கள். 7.4 சதவீதம். மாதம் 925 ரூபாய் வட்டி வரும். ஐந்து ஆண்டு முடிவில் அசல் அப்படியே இருக்கும், மகள் படிப்பு முடிந்து கல்யாணப் பேச்சு வரும் நேரம். "முத்தூட்டு மாதிரி இடத்துல ஏலச்சீட்டு போட்டா கூட வருமே" என்று உறவில் ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். நல்லவேளை, அப்பத்தா யார் பேச்சையும் கேட்கவில்லை.

இதைப் படிக்கிறவர்கள் இன்றைக்கே ஒரு வேலை செய்யலாம். வீட்டில் ஒவ்வொருவருடைய பாஸ்புக்கிலும் மே கடைசி, ஜூன் முதல் வாரப் பதிவுகளைப் பாருங்கள். 436 போயிருந்தால் உயிர்க் காப்பீடு, 20 போயிருந்தால் விபத்துக் காப்பீடு. மே மாதக் கடைசியில் அந்தக் கணக்கில் அந்தத் தொகை இல்லாமல் போனால் காப்பீடு நின்றுவிடும்.

வராத ஆயிரம்

அக்காவுக்கு மகளிர் உரிமைத்தொகை வரவில்லை. 2023-இல் ரேஷன் கடையில் டோக்கன் வாங்கி, முகாமில் ஃபாரம் கொடுத்தவர். ஊரில் பாதிப் பேருக்கு செப்டம்பர் 15 அன்று ஆயிரம் ஏறியது, இவருக்கு ஏறவில்லை. "நமக்குக் குடுப்பின இல்லைன்னு விட்டுட்டேன்" என்றார். நிராகரித்தால் 30 நாளுக்குள் கோட்டாட்சியருக்கு மேல்முறையீடு செய்யலாம் என்பது அப்போதே அறிவித்த விஷயம். அதுவும் இவர் காதுக்கு எட்டவில்லை.

பெட்டியில் கணவரின் பழைய போன் இருந்தது. சார்ஜ் போட்டு மெசேஜ்களைத் திறந்தோம். தெலுங்கு விளம்பரங்களுக்கு நடுவே, 2023 செப்டம்பர் தேதியில், விண்ணப்பம் ஏற்கப்பட்டது என்று தமிழில் ஒரு செய்தி. ரேஷன் அட்டையில் இருந்த நம்பர் கணவருடையது. செய்தி ஆந்திராவுக்குப் போயிருக்கிறது.

அப்படியானால் பணம் எங்கே? உரிமைத்தொகை ஆதாரோடு இணைந்த வங்கிக் கணக்குக்குத்தான் போகும். ஒருவருக்கு நாலு வங்கியில் கணக்கு இருந்தாலும், கடைசியாக எந்த வங்கியில் ஆதாரை இணைத்தார்களோ அதற்குத்தான். மை ஆதார் தளத்தில் எந்த வங்கி என்று பார்க்கலாம், ஆனால் ஓ.டி.பி. வேண்டும். ஓ.டி.பி. போகும் நம்பரும் கணவருடையதே. ஆதார் மையத்தில் 50 ரூபாய் கட்டி அக்காவின் நம்பரை மாற்றிய பிறகு பார்த்தால், அவர் கேள்விப்பட்டே இராத ஒரு பேமெண்ட்ஸ் பேங்க். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு அவரே சொன்னார்: இரண்டு வருடம் முன்பு சந்தையில் சிம் கார்டு வாங்கியபோது கடைப் பையன் "இன்னொருக்கா விரல வைங்கக்கா, சரியா விழல" என்று கேட்டிருக்கிறான். அந்த இரண்டாவது விரல் வைப்பில்தான் கணக்கு திறந்திருக்கிறது.

நூறு நாள் வேலைக் கூலியும் சில வாரங்களாக ஏறவில்லை என்று அவர் சொல்லிக்கொண்டிருந்ததற்கும் இதுதான் காரணம். 2024 ஜனவரி 1 முதல் அந்தக் கூலிக்கும் ஆதார் வழிப் பட்டுவாடா கட்டாயமாகிவிட்டது. அதுவரை பழைய கணக்கு நம்பருக்குப் போன கூலி, அன்றிலிருந்து சிம் கடைக் கணக்குக்குத் திரும்பிவிட்டது. பஞ்சாயத்தில் கேட்டால் "போட்டாச்சும்மா" என்கிறார்கள், பாஸ்புக்கில் ஒன்றும் இல்லை. இரண்டு பேர் சொல்வதும் உண்மை.

விரல் ரேகை வைத்துப் பணம் எடுக்கும் சின்ன மெஷினில் முயன்றோம். மொட்டு எடுக்கிற விரல், ரேகை தேய்ந்து, கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் பிடிக்கவே இல்லை. இடது கை மோதிர விரலில் பிடித்தது. செப்டம்பர் முதல் மார்ச் வரை ஏழு தவணை, 7,000 ரூபாய். கூலிப் பணமும் கொஞ்சம் சேர்ந்து கிடந்தது. மெஷினில் இருந்து சீட்டு வந்தபோது அக்கா அதை வாங்கி இரண்டு முறை பார்த்துவிட்டு, "இது என் காசுதானா தம்பி, பின்னால கேக்க மாட்டாகள்ல?" என்றார்.

ஏற்கெனவே ஒரு பொதுத்துறை வங்கியில் அக்காவுக்குக் கணக்கு உண்டு. ஆனால் அதில் குழு லோன் தவணை தானாகப் பிடிக்கச் சம்மதம் கொடுத்திருந்தார். தவணை நாளில் இருப்பு இல்லையென்றால் திரும்பியதற்கென்று அபராதம் பிடிப்பார்கள். அடுத்து எந்தப் பணம் ஏறினாலும் முதல் வேலையாக அந்த அபராதம் கழியும். உரிமைத்தொகை தொடங்கிய முதல் மாதமே இப்படிச் சில வங்கிகள் பிடித்தம் செய்து, பிடிக்கக் கூடாது என்று மாநில நிதி அமைச்சர் அறிக்கை விட வேண்டியிருந்தது. அதனால் உதவித்தொகைக்கென்று எந்தத் தவணையும் தொடாத தனிக் கணக்கு ஒன்று வேண்டும் என்று முடிவு செய்தோம். தபால்காரர் வழியாக அஞ்சல் பேமெண்ட்ஸ் வங்கியில் கணக்குத் திறந்து, ஆதாரை அங்கே இணைத்தார்கள். குறைந்தபட்ச இருப்பு வைக்கத் தேவையில்லை. தபால்காரர் வீட்டு வாசலிலேயே பணம் எடுத்துக் கொடுப்பார்.

குழு லோன் வேறு, உதவித்தொகை வேறு. இரண்டையும் ஒரே பாஸ்புக்கில் கலக்க விடாதீர்கள் என்று இப்போது வருகிறவர்களிடம் எல்லாம் சொல்கிறேன்.

இருநூறு ரூபாய்க்கா?

இனி அவர் கேட்டு வந்த பென்ஷன். ஆதரவற்ற விதவை ஓய்வூதியம் தமிழ்நாட்டில் 1975 முதல் இருக்கிறது. 40 வயது தாண்டி வறுமைக் கோட்டுப் பட்டியலில் இருப்பவர்களுக்கு இந்திரா காந்தி பெயரிலான மத்தியத் திட்டத்தில் 300 ரூபாய் வரும். மீதியை மாநிலம் போட்டு நிரப்பும். மொத்தத் தொகை 2011-இல் 500-லிருந்து 1,000 ஆனது. பன்னிரண்டு வருடம் அசையாமல் நின்று, 2023 ஆகஸ்டில் 1,200 ஆனது.

ஆனால் சமூகப் பாதுகாப்பு ஓய்வூதியம் வாங்கும் பெண்ணுக்கு உரிமைத்தொகை கிடையாது. 1,200 வந்தால் 1,000 நிற்கும். அக்கா இதைக் கேட்டதும் சிரித்துவிட்டார். "அப்ப இருநூறு ரூவாய்க்கா இம்புட்டு அலைச்சல்? ரெண்டு கிலோ மொட்டு எடுத்தா வருமே."

நியாயமான கேள்விதான். முதியோர் பணம் 1,200 வாங்கும் அப்பத்தா வீட்டில் இருப்பது மருமகளின் உரிமைத்தொகைக்குத் தடையில்லை, அந்தத் தளர்வு 2023-இலேயே வந்துவிட்டது. ஆக பென்ஷனுக்கு மனு போடாமலே வீட்டுக்கு மாதம் 2,200 வரும். மனு போட்டால் 2,400. இந்த வித்தியாசத்துக்காக மட்டும் என்றால் நானும் போட வேண்டாம் என்றே சொல்லியிருப்பேன்.

போடச் சொன்னதற்கு வேறு காரணங்கள். உரிமைத்தொகை வருமானம், நிலம், மின்சார யூனிட், வீட்டில் யாருக்கு என்ன வேலை என்று குடும்பத்தையே அளந்து கொடுப்பது. நாளைக்கு மகன் ஒரு கார் லோன் வாங்கினாலும் அம்மாவின் ஆயிரத்துக்கு ஆபத்து. விதவை ஓய்வூதியம் அந்தப் பெண்ணின் நிலையைப் பார்த்துக் கொடுப்பது. அப்புறம், அக்கா எஸ்.எஸ்.எல்.சி. பாஸ். கோட்டாட்சியர் கொடுக்கும் ஆதரவற்ற விதவைச் சான்றிதழ் இருந்தால் அரசு வேலை நியமனங்களில் தனி இடம் உண்டு. சத்துணவு, அங்கன்வாடி வேலைகளுக்கு ஆள் எடுக்கும்போதும் அது எடை கூட்டும். எப்படியும் வாரிசுச் சான்று, வருமானச் சான்று என்று 60 ரூபாய் வீதம் கட்டி எல்லாவற்றையும் எடுக்கத்தான் போகிறோம். கூடவே இதையும் ஓட்டிவிடலாம் என்பது என் யோசனை. அக்காவும் சரி என்றார்.

இந்தக் கட்டத்தில் ஊரில் ஒருவர் ஐயாயிரம் கொடுத்தால் பென்ஷன் ஆர்டரைக் கையில் வாங்கித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். மாதம் இருநூறு ரூபாய் கூடுதலுக்கு ஐயாயிரம் கொடுத்தால், அது திரும்ப வர இரண்டு வருடத்துக்கு மேல் ஆகும். இந்தக் கணக்கை நான் சொல்லவில்லை, மகள்தான் போனில் போட்டுக் காட்டினாள். ஆள் அதற்குப் பிறகு வரவில்லை.

பூட்டியிருந்த வீடு

ஜூனில் மனு பதிந்தோம். ஆகஸ்டில் நிராகரிப்பு. இணையத்தில் காரணம் என்று இருந்தது அரை வரி: தகுதியில்லை. திங்கள்கிழமை குறைதீர் நாளில் மதுரை கலெக்டர் ஆபீஸுக்குப் போய் மனு கொடுத்தார். அங்கே நம்பர் போட்டு, மரியாதையாக வாங்கிக்கொண்டார்கள். சில வாரத்தில் அந்த மனு, நிராகரித்த அதே மேசைக்கே விசாரணைக்கு வந்து சேர்ந்தது. "ஏற்கெனவே நிராகரிக்கப்பட்டது" என்று பதில். கலெக்டர் மனு வீண் என்று சொல்ல மாட்டேன். எங்கே தடங்கல் என்று தெரியாமல் கொடுத்தால் இப்படித்தான் சுற்றி வரும்.

அதனால் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு பக்கம் எழுதினோம். பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப், பொதுத் தகவல் அலுவலருக்குப் பதிவுத் தபால். கேட்டது ஒன்றே ஒன்று: என் மனு மீதான கள விசாரணை அறிக்கையின் நகல். 30 நாள் முடிவதற்குள் வந்துவிட்டது. "மனுதாரர் குறிப்பிட்ட முகவரியில் வசிக்கவில்லை, வெளியில் வேலைக்குச் சென்றுள்ளதாக அக்கம்பக்கத்தினர் தெரிவித்தனர்."

நடந்தது இதுதான். மல்லிகை மொட்டு விடியும் முன்பே எடுக்க வேண்டிய பூ. மாட்டுத்தாவணி மார்க்கெட்டுக்கு வண்டி ஏறுவதற்குள் எடை போட்டாக வேண்டும். அக்கா நாலு மணிக்குக் கிளம்பினால் பத்து, பத்தரைக்குத்தான் வீடு. பிள்ளைகள் பஸ்ஸுக்குப் போயாச்சு. அப்பத்தா அன்றைக்குப் பார்த்து மகள் வீட்டுக்குப் போயிருந்தார். விசாரணைக்கு வந்தவர் பூட்டைப் பார்த்துவிட்டுப் பக்கத்து வீட்டில் கேட்டிருக்கிறார். "வேலைக்குப் போயிருக்கா" என்று அந்தப் பாட்டி சொன்னது, தாளில் வெளியூர் வேலையாக மாறிவிட்டது.

காரணம் கையில் கிடைத்ததும் மீதி சுலபம். இரண்டாவது மனுவோடு, காலை நேரத்தில் பூ எடுக்கும் கூலி வேலைக்குப் போவதாகவும், பதினொரு மணிக்கு மேல் வீட்டில் இருப்பதாகவும் தனித் தாளில் எழுதி, போன் நம்பரைப் பெரிதாகப் போட்டோம். மனு யாரிடம் போயிருக்கிறது என்று பார்த்து, அந்த வாரம் முழுக்க அப்பத்தாவை வீட்டைவிட்டு நகரக் கூடாது என்று சொல்லிவைத்தார்கள். வருவாய் ஆய்வாளர் (ஆர்.ஐ.) வந்தார், டீ குடித்தார், கையெழுத்து வாங்கினார். 2025 ஜனவரியில் சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியரின் உத்தரவு வந்தது. இவருக்கு உத்தரவு வந்த மாதத்திலிருந்துதான் பணம். காத்திருந்த மாதங்களுக்கு ஒன்றும் இல்லை.

உத்தரவு வந்த நேரமும் ஒரு விதத்தில் நல்ல நேரம். மார்கழி, தை பனியில் பூ வரத்துக் குறையும். விலை ஆயிரக்கணக்கில் ஏறும், ஆனால் எடுப்பவருக்கு எடை இல்லை, கூலியும் இல்லை. அதே சமயம் நூறு நாள் வேலைக் கூலி தமிழ்நாடு முழுக்க நிலுவை. 1,056 கோடி ரூபாயை விடுவிக்கச் சொல்லி முதல்வர் பிரதமருக்குக் கடிதம் எழுதியது அந்த ஜனவரியில்தான். இரண்டு கூலியும் இல்லாத அந்த மாதங்களில் வீடு நடந்தது உதவித்தொகைகளில்தான்.

மாதம் எப்படிப் போகிறது

மகள் அரசுப் பள்ளியில் படித்தவள் என்பதால் 2024-இல் கல்லூரி சேர்ந்ததும் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000. இதில் எழுத ஒன்றுமே இல்லை. கல்லூரியிலேயே விண்ணப்பித்தார்கள், அவள் கணக்குக்கு வருகிறது. எல்லாத் திட்டமும் இப்படி நடந்தால் நான் கடையைச் சாத்திவிட்டு வேறு தொழில் பார்க்கலாம்.

ஆக அப்பத்தாவுக்கு 1,200, அக்காவுக்கு 1,200, மகளுக்கு 1,000, தபால் வட்டி 925. மாதம் 4,325 ரூபாய், கூலிக்கு மேல். ரேஷன் அரிசிக்குக் காசு இல்லை. அப்பத்தாவின் பிரஷர் மாத்திரை மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே வருகிறது. மகள் கல்லூரிக்குப் போவது டவுன் பஸ்ஸில், டிக்கெட் இல்லை.

இதை அக்கா நடத்துகிற விதம் எனக்குப் பிடித்திருக்கிறது. மகள் பணத்தைத் தொடுவதில்லை; "அது அவ புத்தகக் காசு." தபால் வட்டியை மூன்று மாதத்துக்கு ஒரு முறைதான் எடுக்கிறார், மகனின் டியூஷனும் துணிமணியும் அதில். அப்பத்தா தன் 1,200-இல் இருநூறு எடுத்து வெற்றிலைக்கு முடிந்துகொண்டு மீதியை மளிகைக்குக் கொடுக்கிறார். தன் 1,200-இல் அக்கா குழு லோனுக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுப்பதில்லை, அது பூக்கூலியில் இருந்து மட்டும். கூலி இல்லாத வாரம் குழுவில் முன்கூட்டியே சொல்லிவிடுகிறார். ஒரு பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எந்தப் பணம் எந்தத் தேதியில் ஏறியது என்று மகள் எழுதி வருகிறாள். ஒரு மாதம் அப்பத்தா பணம் ஏறாதபோது அந்தத் தாள்தான் காட்டிக்கொடுத்தது. முதல்வரின் உதவி மைய எண் 1100-க்குப் போன் செய்து புகார் நம்பர் வாங்கி, அடுத்த மாதம் சேர்த்து வந்தது.

நடக்காதவையும் உண்டு. மாதம் 35 கிலோ அரிசி கிடைக்கும் அந்தியோதயா அட்டையாக மாற்றித் தரக் கேட்ட மனுவுக்கு ஒதுக்கீடு இல்லை என்று பதில் வந்தது. விவசாயிகளுக்கான பி.எம். கிசானில் ஆண்டுக்கு 6,000 இதுவரை கிடைக்கவில்லை, நிலம் தாத்தா பேரிலேயே இருக்கிறது. 2019 பிப்ரவரி 1 அன்று யார் பேரில் நிலம் இருந்தது என்பதுதான் பொதுவாக அங்கே கேள்வி.  பட்டாவை மாற்றி வைக்கச் சொல்லியிருக்கிறேன், பங்காளிகள் கையெழுத்துக்கு அலைந்துகொண்டிருக்கிறார்கள்.

குடும்பத்தின் வருமானம் ஈட்டுபவர் 60 வயதுக்குள் இறந்தால் தேசியக் குடும்ப நலத் திட்டத்தில் ஒரே தடவையாக 20,000 ரூபாய் உண்டு. அதற்கான மனுவும் அக்கா கொடுத்திருக்கிறார். விசாரணை முடிந்து, தகுதி என்று எழுதி, நிதி வந்ததும் வழங்கப்படும் என்று கடிதம் வந்திருக்கிறது. இதை எழுதும் வரை நிதி வரவில்லை. கடிதத்தின் அசலை அக்கா பெட்டியில் வைத்திருக்கிறார், நகல் என்னிடம் இருக்கிறது. நினைவூட்டல் மனு அடுத்த திங்கள்கிழமை.